ஆள்காட்டி சொல்லாமல் விட்டது

ஏரிக்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே செங்கண்ணி என்னும் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகளை அடைகாத்து வந்தது. கூடு கிடையாது, மறைப்பும் கிடையாது. வெட்டவெளிதான். ஆனாலும் எந்தப் பிராணியும் அந்த முட்டைகளைத் தொட்டதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. காட்டுக்கே வேட்டைச் செய்தி சொல்லும் பறவை செங்கண்ணிதான். பொழுது சாயும் நேரத்தில் நரியும் காட்டுப்பூனையும் கீரியும் கரை மேட்டில் கூடி நிற்கும். எங்கே இரை, எங்கே ஆபத்து என்று தான் பறந்து பார்த்ததை அது சொல்லும். கேட்டுவிட்டு, முட்டைகளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு எல்லாம் வேட்டைக்குப் போகும். உண்மை சொல்வதற்குக் காடு கொடுத்த கூலி அதுதான்.

அந்தக் கோடையில் மண் இறுகிப் புழு கிடைக்காமல் போயிற்று. பசியால் செங்கண்ணி துரும்பாய் இளைத்தது. ஏரி முதலை மெல்லத் தலையை நீட்டியது.

"தங்கச்சி, எலும்பு தெரியுதே! என் வாலால சேத்தைக் கிளறி விடறேன். தினமும் வயிறு முட்டப் புழு தின்னு!"

"சும்மாவா தர்றீங்க?"

"சும்மாதான்! செய்தியில ஒரே ஒரு வரி சேத்துக்கோ. கிழக்குத் துறையில நண்டு கொழுத்துக் கிடக்குன்னு சொல்லு."

"நீங்க அங்கதானே படுத்திருக்கீங்க!"

"அதை யாரு உன்னைச் சொல்லச் சொன்னா? நண்டு கொழுத்திருக்கு. அது பொய்யா?"

பொய் இல்லைதான். முழு உண்மையும் இல்லை என்று செங்கண்ணிக்குத் தெரியும். ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே! அன்று மாலை அந்த வரியைச் சொல்லிவிட்டது. காட்டுப்பூனை வாலைத் தூக்கிக்கொண்டு குஷியாகக் கிழக்கே போயிற்று.

மறுநாள் காலை செங்கண்ணி அந்தத் துறைக்குப் போய்ப் பார்த்தது. ஈர மண்ணில் பூனையின் காலடிகள் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. ஏறி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

மாலையில் கீரி கேட்டது, "பூனையண்ணனைக் காணோமே?"

"எனக்கென்ன தெரியும்! வேற காட்டுக்குப் போயிருக்கும்!" முதலை கிளறி விட்ட சேற்றில் வயிறு முட்டப் புழு தின்றிருந்தும், அன்று அந்த வரியை அது சொல்லவில்லை.

விடிந்ததும் முதலை கரையேறி, முட்டைகளுக்குப் பக்கத்தில் வந்து படுத்தது.

"நேத்து வரி வரலையே? நான் முட்டையைச் சுத்திப் போற ஆள் இல்லே. ஞாபகம் வச்சுக்கோ!"

செங்கண்ணி யோசித்துப் பார்த்தது. வரியைச் சொன்னால் இன்னொரு உயிர் போகும். சொல்லாவிட்டால் முட்டைகள் போகும். உண்மையைப் போட்டு உடைத்தாலோ, பூனையை அனுப்பியது யார் என்று காட்டுக்கே தெரிந்துவிடும். அப்புறம் எந்தக் கால் சுற்றிப் போகும்? பயம் வென்றது. மாலையில் கம்மிய குரலில் அந்த வரி மீண்டும் வந்தது.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் அக்கா!" என்றது நரி. "வீட்ல பொண்டாட்டி குட்டி போட்டிருக்கா. நண்டுன்னா அவளுக்கு உசிரு!"

நரி துறையில் இறங்குவதைச் செங்கண்ணி மேட்டிலிருந்து பார்த்தது. முன்கால் தண்ணீரில் பட்டது. சற்றுத் தள்ளித் தண்ணீர் லேசாக அசைந்தது. அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பறந்து எழும்பி அலறியது.

"இறங்காதே! முதலை! முதலை!"

நரி துள்ளிப் பாய்ந்தது. வால் நுனி மட்டும் முதலையின் வாயில் போயிற்று.

மூச்சிரைக்க மேட்டுக்கு வந்த நரி கத்தவில்லை. அதுதான் செங்கண்ணிக்கு இன்னும் பயமாக இருந்தது.

"முதலை அங்க இருக்கிறது உனக்கு எப்போ தெரியும்?"

செங்கண்ணி ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"பூனை போனப்பவே தெரியுமா அக்கா?"

செங்கண்ணி தலையைக் குனிந்துகொண்டது. நரி திரும்பி நடந்தது. போகும்போது முட்டைகளைச் சுற்றிப் போகவில்லை. அவற்றை உரசிக்கொண்டு நேராகப் போயிற்று.

மறுநாள் மாலை செய்தி கேட்க ஒருவரும் வரவில்லை. புல்லுக்குள் மட்டும் காலடிச் சத்தம் கேட்டது. சுற்றிப் போகிற காலா, மிதிக்க வருகிற காலா? அதற்குத் தெரியவில்லை. தண்ணீரிலும் ஏதோ அசைந்தது. செங்கண்ணி எழும்பி எழும்பி அலறியது. இன்றும் ஏரிக்கரையில் யார் கால் வைத்தாலும் அந்தக் குருவி அப்படித்தான் அலறுகிறது. அது கத்துவது உண்மைதான். நின்று கேட்கத்தான் ஆள் இல்லை.

நம்பிக் கேட்பவர்களிடம் தீனிக்காகப் பாதி உண்மையை மறைத்தவருக்கு, பிறகு முழு உண்மையைச் சொன்னாலும் இழந்த நம்பிக்கை திரும்பக் கிடைக்காது.