சக்கரத்துக்கு வைத்த கல்

சவரிமுத்துவின் வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கருங்கல் முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கபூர் நினைவு வரும். கபூர் இப்போது இல்லை. நெஞ்சு கனக்கும், கூடவே சிரிப்பும் வரும்.

கபூர் வயதில் இளையவர்தான். ஆனால் டிரெய்லர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அதனால் இவர் அவரை "வாத்தியாரே" என்பார். அவர் இவரை "அண்ணே" என்பார்.

அதற்கு முன் சவரிமுத்து ஓட்டியது ஆயில் பிரேக் லாரி. ஒருநாள் மலையிறக்கத்தில் ஆயில் குழாய் வெடித்தது. மிதித்த பிரேக் தரையோடு ஒட்டிக்கொண்டது. மண்மேட்டில் மோதிப் பிழைத்தார். அன்றுமுதல் கேபினில் ஒரு கல் இருக்கும். எங்கே நிறுத்தினாலும் முதல் வேலை, சக்கரத்துக்கு அதை வைப்பது. மற்ற டிரைவர்கள் "கல்லுக்கார மாமா" என்று கேலி செய்வார்கள்.

அன்று தொப்பூர் கணவாய் இறக்கம் தொடங்கும் இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். பின்னால் முழுப் பாரம் இரும்பு. முதல்முறையாகச் சவரிமுத்து வண்டியைக் கணவாயில் இறக்க வேண்டும். இருவர் கையிலும் சுக்கு டீ.

"வாத்தியாரே, இது எனக்கு ஆகாது. நீங்களே இறக்கிடுங்க. கீழே போனதும் சாவியைக் கொடுத்துட்டு ஊருக்குப் போறேன்."

"ஏண்ணே?"

"ஆயிலாவது கண்ணுக்குத் தெரியும். இந்த டிரெய்லர் பிரேக்குல இருக்கறது வெறும் காத்து. குழாய் வெடிச்சுக் காத்து போயிட்டா இவ்வளவு பாரத்தை எது பிடிக்கும்?"

 கபூர் டீக் கிளாஸை வைத்துவிட்டுப் போய், வண்டியிலிருந்து டிரெய்லருக்குப் போகும் சிவப்புக் காற்றுக் குழாயைத் திருகிக் கழற்றினார். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. பிறகு சக்கரத்தடியில் இருந்த கல்லைக் காலால் எத்தித் தள்ளினார்.

"ஏறுங்கண்ணே. ஹேண்ட் பிரேக்கை விடுங்க."

"இறக்கத்துலயா?"

"விடுங்க."

மாதாவை வேண்டிக்கொண்டு விட்டார். வண்டி அசையவில்லை. கியர் போட்டு இழுத்தார். இன்ஜின் உறுமி அணைந்ததுதான் மிச்சம்.

"காத்தே இல்லையே வாத்தியாரே, எது பிடிச்சிருக்கு?"

"டிரெய்லர்ல ஸ்பிரிங் இருக்குண்ணே. அது எப்பவும் பிடிக்கத்தான் பார்க்கும். காத்து வந்தாத்தான் விடும்."

சவரிமுத்து இறங்கிப் போய்ச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். காற்று போனால் பிரேக்கும் போய்விடும் என்று இத்தனை நாளும் தலைகீழாகப் பயந்திருக்கிறோமே என்று கண்ணீர் வந்துவிட்டது. பழக்க தோஷம், கல்லையும் பொறுக்கிக்கொண்டார்.

கபூர் குழாயை மாட்டினார். காற்றுமானி முள் ஏறும்வரை காத்திருந்தார்கள். பிறகு சவரிமுத்து சின்ன கியரிலேயே இறக்கினார். வளைவுகளில் டிரெய்லர் பிரேக்கின் கைப்பிடியை லேசாக இழுத்துக்கொடுக்க, பின்பாரம் முன்னால் தள்ளாமல் வந்தது. 

கீழே வந்து நிறுத்தியதும் சவரிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்லைத் தூக்கிக்கொண்டு குதித்தார்.

"பயம் விட்டே போச்சு வாத்தியாரே! இனி இது எதுக்கு?"

சாலையோர ஓடையில் வீசுவதற்காகக் கையை ஓங்கினார்.

கபூர் அவர் முன்னால் உள்ளங்கையை நீட்டினார்.

"விட்டே போச்சா? அப்போ சாவியைக் கொடுங்கண்ணே."