கழுதை சுமந்த தண்டம்

உப்பளத்துக்கும் மலைக்கும் நடுவே இருந்த ஒரு காட்டில், கணவாய் வாசலில் ஒரு கரடி காவல் இருந்தது.

மலை மேல் இருக்கிற மான்களுக்கும் காட்டெருமைகளுக்கும் நக்குவதற்கு உப்பு வேண்டும். அதைக் கீழேயிருந்து கொண்டுபோய் விற்கிற நரி ஒன்று உண்டு. கொண்டுபோய் என்றால் தன் முதுகில் இல்லை குழந்தைகளே. அதற்கென்று ஒரு கழுதை வைத்திருந்தது. ஏற்றினதைச் சுமக்கும், போட்டதைத் தின்னும், வாயில்லா ஜீவன்.

முன்பு ஒருமுறை கணவாய் தாண்டி ஏறும் மேட்டில் ஒரு எருது சுமையோடு சரிந்து விழுந்தது, எழுந்திருக்கவே இல்லை. அதைப் பார்த்து மனம் கலங்கிய சிங்கராஜா சட்டம் போட்டது. ஒரு முதுகுக்கு இரண்டு மூட்டைதான். அதற்கு மேற்பட்ட சுமை கணவாயைத் தாண்டக் கூடாது. மீறி ஏற்றியவர் ஒரு கலயம் தேன் தண்டம் கட்ட வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ளத்தான் கரடி.

முதல் தடவை நரி நான்கு மூட்டையோடு வந்தபோது, கரடி போட்ட உறுமலில் பாறையெல்லாம் அதிர்ந்தது. நரி பதறிப்போய் ஓடி, எங்கேயோ ஒரு கலயம் தேன் தேடிக்கொண்டு வந்து நீட்டியது. கரடி வாங்கிக்கொண்டு வாசலை விட்டு விலகி உட்கார்ந்தது.

நரி ஒரு கணம் திகைத்தது. பிறகு சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, நான்கு மூட்டையோடும் மேட்டில் ஏறிப் போயிற்று.

அன்றிலிருந்து சந்தைக்குச் சந்தை நான்கு மூட்டை. அவற்றுக்கு நடுவே, கழுதையின் முதுகெலும்பு மேல், கட்டிவைத்த தேன் கலயம்.

கரடிக்கோ பெருமை தாங்கவில்லை. "என் காவலில் தண்டம் கட்டாமல் ஒருத்தனாவது போனதுண்டா?" என்று மரத்து மைனாவிடம் கேட்கும்.

"இல்லைதான்," என்று மைனா சொல்லும். "கட்டிவிட்டுப் போகாமல் நின்றவனும் இல்லை."

கரடி அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. கலயம் காத்திருக்குமே.

ஒரு மழைநாள். உப்பு நனைந்து மூட்டைகள் கனத்திருந்தன. வாசலில் வந்து நின்ற கழுதைக்குக் கால் நான்கும் வெடவெடவென்று ஆடின. எப்போதும் கலயத்தை அவிழ்த்துத் தருகிற நரி, அன்றைக்குப் பாறை இடுக்கில் ஒதுங்கிக்கொண்டு, "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் கரடியாரே, உங்களுடையதுதானே," என்றது.

கரடி கட்டை அவிழ்த்துக் கலயத்தைத் தூக்கியது. அது வரவில்லை. கொஞ்சம் இழுத்தது. தோலோடு பிய்த்துக்கொண்டு வந்தது. அடியில், கலயம் உட்கார்ந்திருந்த இடத்தில், வட்டமாக ஒரு புண். உப்புத் தண்ணீர் அதற்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

கரடி கலயத்தைக் கீழே வைத்தது. "தம்பி, இது எப்போதிருந்து?" என்றது.

"உங்களுக்குத் தேன் கொண்டுவரத் தொடங்கினதிலிருந்து அண்ணா," என்றது கழுதை. அதன் குரலில் குறை எதுவும் இல்லை. "இந்தத் தடவை மேடு ஏறுவேனா என்றுதான் தெரியவில்லை."

கரடி விழுந்துபோன எருதை நினைத்தது. தான் நக்கிய தேனையெல்லாம் நினைத்தது. பிறகு நான்கு மூட்டையையும் இறக்கிக் கீழே வைத்தது.

நரி பாய்ந்து வந்தது. "என்ன அநியாயம் இது? தண்டம் கட்டிவிட்டேனே."

"கட்டினாய். அது நீ செய்த தப்புக்கு. அந்தச் சுமை வாசலைத் தாண்டலாம் என்று ராஜா எங்கே சொன்னார்? தாண்டவிட்டது நான். தேன் தொண்டையில் இறங்கும்போது பாதிச் சட்டம் மறந்துபோயிற்று. இந்தப் புண் ஆறும்வரை இவன் முதுகில் ஒரு துரும்பும் ஏறாது."

"சந்தையில் உப்புக்குக் காத்திருப்பார்களே, அதற்கு நான் என்ன செய்ய?"

"ஒரு முதுகுக்கு இரண்டு மூட்டை. உனக்கும் ஒரு முதுகு இருக்கிறது, சட்டம் தடுக்கவில்லை," என்றது கரடி. அப்படியே உட்கார்ந்து, கலயத்துத் தேனை ஒரு சொட்டுக்கூட நக்காமல், கழுதையின் புண் முழுக்கத் தடவியது.



ஆசை விடாத நரி, சட்டம் அனுமதித்த இரண்டு மூட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, ஒன்றை மட்டும் முதுகில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. கழுதை பழக்க தோஷத்தில் வெறும் முதுகோடு கூடவே நடந்தது. பாதி வழியில் நரிக்கு நாக்குத் தள்ளியது.

"இந்த மேடு ஏன் இன்றைக்கு இப்படி நீண்டுகொண்டே போகிறது?"

"எப்போதும் இதே நீளம்தான் ஐயா," என்றது கழுதை. "மெதுவாக வாருங்கள். அந்த வளைவில் வழுக்கும்."

நீதி: தண்டத்தை வாங்கிக்கொண்டு கொடுமைக்கு வழிவிடுவது காவல் ஆகாது.