மழைக்காலப் பருவ மடல்

வடிவு டீச்சரிடம் பாடம் கேட்க வந்தபோது ஆவுடைநாயகம் சாருக்கு அறுபது வயது. டீச்சருக்கு நாற்பத்தொன்று.

சார் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திநாலு வருஷம் வேதியியல் நடத்தியவர். டீச்சர் நடத்தியது ஒரு மழலையர் பள்ளி. தாமிரபரணிப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஓடு போட்ட ஒரே கூடம், வாசலில் மணல், இருபத்திமூன்று பிள்ளைகள்.

அந்த இருபத்திமூன்றில் நானும் ஒருவன். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. சார் பின்னாளில் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, கடைக்குப் போகிற வழியில் சார் அந்த வாசலில் நின்றுவிட்டார். ஒரு பையன் மணலில் புரண்டு அழுதுகொண்டிருந்தான். டீச்சர் அவனைத் தூக்கவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

“இந்தச் செருப்பு வாரைக் கழத்த முடியல. கொஞ்சம் கழத்தி விடுதியா?”

பையன் விக்கிக்கொண்டே வாரைப் பார்த்தான். இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். அழுகை எங்கே போனது என்று அவனுக்கே தெரியவில்லை.

சார் உள்ளே வந்தார்.

“டீச்சர், முப்பத்திநாலு வருஷத்துல எனக்குப் பிள்ளைகளை அழவைக்கத்தான் தெரிஞ்சுது. அழுகையை நிறுத்தத் தெரியல. எனக்கு இதைச் சொல்லித் தருவீங்களா?”

“தரையில உட்கார முடியுமா சார்?”

“முட்டு வலி இருக்கு.”

“மெதுவா உட்காரலாம். நாளைக்கு வாங்க.”

அப்படித்தான் அவர் சேர்ந்தார்.

காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பருவ முடிவிலும் வீட்டுக்கு ஒரு மடல் போகும். பிள்ளைகள் என்ன செய்தார்கள், எங்கே போனார்கள் என்ற செய்திகள். சைக்ளோஸ்டைல் மெஷினில் படியெடுத்த நாலு பக்கம். எழுதும் பொறுப்பை டீச்சர் சாரிடம் கொடுத்தார்.

அக்டோபர் கடைசியில் சார் முதல் செய்தியை எழுதிக்கொண்டு வந்தார்.

‘மழலையரின் அஞ்சலக விஜயம் இனிதே நடைபெற்றது. அஞ்சல் துறையின் அரும்பணிகளை அஞ்சலக அதிகாரி எடுத்துரைத்தார்.’

டீச்சர் படித்தார்.

“நல்லா இருக்கு சார். ஆனா என்ன நடந்தது?”

“இதுதான் நடந்தது.”

“நீங்களும் கூட வந்தீங்க. என்ன நடந்தது?”

சார் யோசித்தார். போஸ்ட் மாஸ்டர் கவர்களில் முத்திரை குத்திக் காட்டினார். லிங்கராஜா என்ற பையன் தன் புறங்கையை நீட்டி, “எனக்கும்” என்றான். போஸ்ட் மாஸ்டர் சிரித்துக்கொண்டே குத்திவிட்டார். அதற்குப் பிறகு ஒருவர் விடாமல் வரிசையில் நின்றோம். அன்று இருபத்திமூன்று பேரும் கையில் தேதியோடு வீட்டுக்குப் போனோம். ராத்திரி கை கழுவ மாட்டேன் என்று எல்லா வீட்டிலும் ரகளை.

“அதை எழுதுங்க,” என்றார் டீச்சர்.

சார் அதை எழுதினார். அந்தத் தாள் இன்னும் என் அம்மாவிடம் இருக்கிறது.

மறுவாரம் ஒரு மத்தியானம் ஆறுமுகக்கனி வந்தாள். எங்களோடு படித்த சிவரஞ்சனியின் அம்மா. முப்பது வயதுகூட இருக்காது. அவள் புருஷன் பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஆவணியில் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். ஊருக்கே தெரியும்.

பிள்ளைகள் பாயில் படுத்திருந்தார்கள். ஓட்டில் மழை சத்தம். கனி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும்.”

“உட்காரு கனி.”

அவள் உட்காரவில்லை.

“நான் தை பொறக்கதைப் பாக்கமாட்டேனாம். டாக்டர் அவுகள்ட்ட சொல்லியிருக்காரு. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுட்டேன்.” தூணை விடாமல் மகள் பக்கம் திரும்பினாள். “என் பிள்ளைக்கு என் ஞாபகம் இருக்குமா?”

சார் பீரோ பக்கம் நோட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

“அவளுக்கு எத்தனை வயசு இப்போ?” என்றார் டீச்சர்.

“மூணு முடிஞ்சு எட்டு மாசம்.”

டீச்சர் பாயில் படுத்திருந்த சிவரஞ்சனியைப் பார்த்தார். பிறகு கனியைப் பார்த்தார்.

“இருக்காது கனி.”

சார் கையிலிருந்த நோட்டைக் கீழே வைத்தார்.

“முகம் இருக்காது. குரல் இருக்காது. போட்டோவைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிடுவா.”

கனி அழவில்லை. தூணோடு சரிந்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

“எல்லாரும் இருக்கும் இருக்கும்னு சொல்லுதாங்க. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதாங்க.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மழையில் நனைந்த முகம்தான். “அப்போ நான் என்ன செய்ய?”

“நாளைக்கு மத்தியானம் வா. சோறு சாப்பிட வைக்க, தூங்க வைக்க ஆள் பத்தல.”

அவள் போனபிறகு சார் டீச்சரிடம் வந்தார்.

“ஒரு பொய் சொல்லியிருக்கலாம் டீச்சர்.”

“அது வேணும்னா அவ பக்கத்து வீட்டுல கேட்டிருப்பா சார். மழையில இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டா.”

மறுநாள் கனி வந்தாள். புருஷன் சைக்கிள் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்து விட்டார்.

அந்தப் பள்ளியில் ஒரு சட்டம் உண்டு. பிள்ளைகள் தாங்களே சாப்பிட வேண்டும். சிந்தினாலும் சரி, நேரமானாலும் சரி, யாரும் ஊட்டக்கூடாது. கனி முதல் நாளே மகளின் தட்டை வாங்கிப் பிசைய ஆரம்பித்தாள். ஆயா ஓடிவந்து தடுத்தாள்.

“இங்க ஊட்டக்கூடாது தாயி. டீச்சர் சத்தம் போடுவாங்க.”

கனி கையை எடுத்துக்கொண்டாள். டீச்சரைப் பார்த்தாள்.

“இன்னும் எத்தனை நாள் ஊட்டப்போறேன் டீச்சர்,” என்றாள்.

“ஊட்டு,” என்றார் டீச்சர்.

முதல் உருண்டை சிவரஞ்சனியின் வாய்க்குப் போனது. பக்கத்திலிருந்த லிங்கராஜா வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். அவனுக்கும் ஒரு உருண்டை. அடுத்து இன்னொரு வாய். அதற்கடுத்து இன்னொன்று. ரசம் சாதமும் அப்பளமும். கடைசியில் இருபத்திமூன்று பேரும் அவளைச் சுற்றி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் சிரித்து அவள் புருஷன் அன்றுதான் பார்த்தாராம். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாராம்.

அந்தக் கூட்டத்தில் நானும்தான் இருந்திருப்பேன். அந்த ரசத்தின் ருசி எனக்கு நினைவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பாய் விரிப்பாள். ஒவ்வொரு பிள்ளையாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வருவாள். மகளைக் கடைசியாக வைத்துக்கொள்வாள். அவள் பக்கத்திலேயே தானும் படுத்துவிடுவாள். சில நாள் மகளுக்கு முன்னால் அவளே தூங்கிவிடுவாள். டீச்சர் மணி அடிக்காமல், கையைத் தட்டாமல், பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொட்டு எழுப்பி வாசலுக்கு அழைத்துப் போவார்.

அந்தப் பருவத்தில் மற்றதெல்லாம் நடந்தது. சிரட்டையில் உளுந்து போட்டோம். மழையில் பாதி அழுகியது, பாதி முளைத்தது. குழந்தைகள் தினத்துக்கு ஒருவன் போலீஸ், ஒருத்தி பூக்காரி. போலீஸ் மேடையில் ஏறியதும் பயந்துபோய்ப் பூக்காரியின் பின்னால் ஒளிந்துகொண்டான். கார்த்திகைக்குக் களிமண்ணில் விளக்குப் பிடித்தோம். எதிலும் எண்ணெய் நிற்கவில்லை. சார் ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டார். இப்போதெல்லாம் அவர் ‘இனிதே’ என்று எழுதுவதில்லை.

கனி இருபத்தாறு மத்தியானம் வந்தாள். கடைசி வாரம் அவளால் பாயை விரிக்க முடியவில்லை. சார் விரித்தார். இருபத்தேழாவது நாள் சைக்கிள் வரவில்லை. கார்த்திகை முடிய நாலு நாள் இருக்கும்போது அவள் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்து சிவரஞ்சனி பள்ளிக்கு வந்தாள். வழக்கம்போல விளையாடினாள். சோறு சாப்பிட்டாள். பாய் விரித்ததும் வாசலைப் பார்த்தாள்.

“எங்கம்மா வரமாட்டாங்களாம்,” என்று லிங்கராஜாவிடம் சொன்னாள். “சாமிகிட்ட இருக்காங்களாம்.”

“நாளைக்கு?” என்றான் அவன்.

“நாளைக்கும்தான்.”

அன்று அவளைத் தூங்க வைக்க சார் பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகில் தட்டினார். பாதிக் கண்ணோடு அவள் திரும்பினாள். அவர் கையைப் பிடித்தாள்.

“இப்படி இல்ல தாத்தா. மெதுவா. விரலை மடக்காம.”

எப்படி என்று அவர் தொடையில் தட்டிக் காட்டினாள்.

சார் அப்படியே தட்டினார். அவள் தூங்கியதும் எழுந்து வெளியே போனார். மழையில்லை. மணல் ஈரமாக இருந்தது. அங்கேயே ரொம்ப நேரம் நின்றார்.

அரையாண்டு லீவுக்கு முந்தின நாள் மடல் சைக்ளோஸ்டைலுக்குப் போகவேண்டும். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு சார் கடைசிப் பக்கத்தை டீச்சரிடம் நீட்டினார்.

‘நம் பள்ளி மாணவி சிவரஞ்சனியின் தாயார் திருமதி ஆறுமுகக்கனி அவர்கள் அகால மரணமடைந்ததைப் பள்ளி ஆழ்ந்த வருத்தத்துடன்...’

டீச்சர் முழுக்கப் படிக்கவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

சார் தாளை வாங்கி, அடித்துவிட்டு, கீழே எழுதினார்.

‘சிவரஞ்சனியின் அம்மா கனி இருபத்தாறு மத்தியானம் வந்தார். எங்கள் எல்லோருக்கும் சோறு ஊட்டினார். விரலை மடக்காமல் மெதுவாகத் தட்டிக்கொடுத்தார். நாங்கள் தூங்கினோம்.’

பேனாவை மூடினார். மூடியதைத் திறந்தார். கோபம் வந்துவிட்டது அவருக்கு.

“இதை எதுக்கு எழுதுறோம் டீச்சர்?”

டீச்சர் தரையில் கிடந்த பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“முப்பத்திநாலு வருஷம் நான் ஞாபகத்துக்கு மார்க் போட்டவன். அதனால சொல்லுதேன். இதுல ஒரு பிள்ளைக்குக்கூட இதெல்லாம் நிக்காது. முத்திரை போயிரும். உளுந்து போயிரும். எப்படித் தட்டணும்னு அன்னிக்கு அவ எனக்குச் சொல்லித் தந்தா. ரெண்டு வருஷத்துல அதுவும் போயிரும். நீங்களே அவ அம்மாகிட்ட முகத்துக்கு நேரா சொன்னீங்க, இருக்காதுன்னு.”

“சொன்னேன்.”

“சொல்லிட்டு வரவும் சொன்னீங்க. எந்திரிக்க முடியாத பொம்பளை. சைக்கிள்ல தொங்கிக்கிட்டு வந்தா. இருபத்தாறு மத்தியானம் டீச்சர். எல்லாம் எங்க போச்சு?”

டீச்சர் சுருட்டிய பாயைச் சுவரில் சாய்த்து வைத்தார். வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

“சார், நீங்க நடக்கப் பழகின நாள் ஞாபகம் இருக்கா?”

“அது எப்படி இருக்கும்?”

“யார் கையைப் பிடிச்சாங்க?”

“தெரியாது. எங்கம்மாவா இருக்கும். பெரியக்காவா இருக்கும். அவங்க யாரும் இப்போ இல்ல. கேக்கவும் ஆளில்ல.”

“எத்தனை தடவை விழுந்தீங்க? யார் தூக்கினாங்க?”

“ஒண்ணும் தெரியாது டீச்சர். ஒண்ணுகூட நிக்கல. அதைத்தானே நானும் சொல்லுதேன்.”

“சரி,” என்றார் டீச்சர். “காலையில வீட்டிலிருந்து எப்படி வந்தீங்க?”

“நடந்துதான்,” என்றார் சார்.

திறந்த பேனாவை மூடிவிட்டு, அந்தத் தாளை மடலின் மற்றப் பக்கங்களோடு சேர்த்து வைத்தார்.