மூடி வைத்த ஊற்று

அல்லிக் குளத்தங்கரைக் காட்டில் சிலுப்பி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். முள்ளைவிட நாக்கு கூர்மை!

குளத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊற்று. காட்டில் நோய் பரவினால் மட்டும்தான் அந்தத் தண்ணீரைத் தொடலாம். அழுகிய இலைகளைக் கொத்தி எறியக் கொக்கு. முள்வேலியைக் காக்கக் கீரி. இருவரும் அங்கேயே கிடந்ததால் இரைதேட நேரமில்லை. எனவே வீட்டுக்கு வீடு நத்தையும் புழுவும் பொறுக்கிக் கொடுப்பது வழக்கம்.

ஒருநாள் ஆலமரத்தடியில் கூட்டம் கூடியது.

"நத்தை பொறுக்கியே என் இடுப்பு ஒடிஞ்சு போச்சு!" என்று கத்தினான் குரங்கு தாவடி. "எத்தனையோ வருஷமா ஒருத்தருக்கும் வயிற்றுவலிகூட வரலை. இந்தக் கொக்கு ஒற்றைக் காலில் நின்னுக்கிட்டே தின்னுது! நோய் வரட்டும், அப்போ அள்ளிக் கொடுப்போம்!"

"அட அறிவே!" என்றாள் சிலுப்பி. "பசியில் கொக்கு பறந்துபோனா ஊற்று சேறாகும். நோய் வந்த அன்னிக்கு அந்தச் சேற்றை உன் வாலால் இறைப்பியா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, நத்தை கொடுப்பதை நிறுத்தலாம் என்று தாவடி பக்கமே கை தூக்கினார்கள். சிரிப்பு அவளுக்கு, கை தாவடிக்கு! சிலுப்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் முதல் அவள் வீடு வீடாகப் போய் வாசலில் உட்கார்ந்தாள். முட்களை விரித்துக்கொண்டாள்.

"நாலு நத்தை கொடுங்க, போறேன். அவசரமில்லை. பிள்ளைங்களை மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க!"

"இவள் தொல்லை தாங்கலை, கொடுத்துத் தொலை!" என்று முயல் கொடுத்தது. மான் கொடுத்தது. தாவடி வெளியே போன நேரம் பார்த்து அவன் மனைவி மந்தியும் கொடுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாலும் நத்தை நத்தைதானே! அத்தனையும் கொக்குக்கும் கீரிக்கும் போய்ச் சேர்ந்தது.

கோடையில் ஒரு காட்டுப்பன்றி குளத்தில் செத்துக் கிடந்தது. யாரும் கவனிக்காமல் அந்தத் தண்ணீரையே குடித்தார்கள். பிறகு பார்த்தால் குட்டிகளுக்கெல்லாம் வாந்தி, வயிற்றுப்போக்கு. தாவடியின் கைக்குழந்தை துவண்டு கிடந்தது. தாயின் மடியைக்கூடப் பிடிக்க அதற்குத் தெம்பில்லை.

தாவடி இரண்டு கையிலும் பலாச்சுளையை அள்ளிக்கொண்டு ஓடிவந்தான்.

"சிலுப்பியக்கா! இதெல்லாம் கொக்குக்கு! இன்னும் எவ்வளவு வேணும்னாலும் கொண்டுவரேன்! ஊற்றைச் சரிபண்ணச் சொல்லுங்க!"

"கொக்கு எந்தக் காலத்தில் பலா தின்னுச்சு?" என்றாள் சிலுப்பி. "அதுவுமில்லாம, பாழான ஊற்றைச் சரிபண்ண ஒரு மழைக்காலம் ஆகும். உன் பிள்ளை அதுவரை தாங்குமா?"

தாவடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்ததும் சிலுப்பியின் முட்கள் தாமாகவே படிந்தன.

"எழுந்திரு. அழறதுக்கு ஒண்ணும் ஆகலை. ஊற்று பாழாகவே இல்லை. மந்தி கொடுத்த நத்தையும் சேர்ந்துதான் அதைக் காப்பாத்தியிருக்கு. பிள்ளையைத் தூக்கிட்டு வா!"

கீரி முள்வேலியை விலக்கியது. உள்ளே அடிமணல் தெரியத் தெளிந்து கிடந்தது தண்ணீர்! மந்தி இலையைக் குவித்து, சொட்டுச் சொட்டாகக் குழந்தையின் வாயில் விட்டாள். முதல் வாய் வெளியே வந்தது. இரண்டாவது தங்கியது. மற்ற தாய்மாரும் குட்டிகளோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

பொழுது விடிந்ததும் குழந்தை கண்ணைத் திறந்தது. கைக்கு எட்டிய தகப்பன் காதைப் பிடித்து ஒரு இழு இழுத்தது.

"ஐயோ, வலிக்குதே!" என்று அலறினான் தாவடி. அழுகையும் சிரிப்பும் அவனுக்கு ஒன்றாக வந்தன.

சிலுப்பி நீளமாக மூச்சுவிட்டாள். பிறகு அவனை முறைத்தாள். "காதைத் தடவினது போதும்! விடிய விடிய கொக்கு ஒண்ணும் தின்னலை. போய் நத்தை பொறுக்கு!"

தாவடி நத்தை பொறுக்க ஓடினான்.

நோய் வந்தபின் பயத்தில் அள்ளிக் கொட்டுவது உதவாது. நலமாக இருக்கும் நாளில் எல்லாரும் சலிக்காமல் கொடுக்கும் சிறு பங்குதான் ஊரைக் காப்பாற்றும்.