நாற்பத்தோரு ஊர்ப் பன்

"நாப்பத்தோரு ஊர்ப் பன் எனக்குச் செய்யத் தெரியும், மாஸ்டர். என் மகள் ஒண்ணைக்கூடத் தொட மாட்டேங்கா."

கஸ்பார் இதைச் சொன்னது தூத்துக்குடியில் ஒரு பேக்கரியின் பின்கட்டில். கப்பல் சமையலறைகளில் இருபத்தாறு வருஷம் ரொட்டி சுட்டவர். வயது ஐம்பத்தெட்டு.

மாவு பிசைந்துகொண்டிருந்தவளுக்கு முப்பத்து மூன்று. பெயர் பேச்சி. பேருக்குத்தான் பேச்சி, வாயைத் திறப்பது அபூர்வம். பேக்கரி அடுப்பின் முன்னால் யார் நிற்கிறாரோ அவர்தான் மாஸ்டர், வயதெல்லாம் யாரும் கேட்பதில்லை. குழம்பிப் போய் அவளிடம் வருகிறவர்கள் தெளிந்து போகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதை நம்பித்தான் கஸ்பார் வந்திருந்தார்.

"ஏன் தொட மாட்டேங்கா?"

"கோவம்."

"எதுக்கு?"

"அவ அம்மா செத்தப்போ நான் பிரேசில் பக்கம் கடல்ல கிடந்தேன். பதினோராம் நாள்தான் வீடு வந்து சேர்ந்தேன்."

"வந்து?"

"எப்பவும் போல ஒரு பெட்டி இனிப்பு ரொட்டியோட வந்தேன்."

பேச்சியின் கை நின்றது.

"துட்டி விழுந்த வீட்டுக்கு இனிப்பா?"

"கைப்பழக்கம், மாஸ்டர். கப்பலை விட்டு இறங்கினா வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்குவேன், வர முடியலன்னா அனுப்புவேன். அன்னைக்கும் கை அதுவா வாங்கிருச்சு."

அதன்பிறகு நாலு வருஷம் ஓடிவிட்டது. மகள் பிளாவியா இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறாள். அப்பாவோடு ஒரு வார்த்தை கிடையாது. அவர் செய்து கொடுத்தனுப்புகிற பன் எல்லாம் கட்டுப் பிரிக்காமல் திரும்பி வருகிறது. மனுஷர் இதை ஒரு சமையல் பிரச்சினை என்றே நினைத்துக்கொண்டிருந்தார். இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு அவர்மேல் எரிச்சலும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

"அவ ஒரு தடவை என்கூடப் பேசணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். எந்த ஊர்ப் பன் செஞ்சா பேசுவான்னு மட்டும் சொல்லுங்க."

"நாளைக்குச் செஞ்சு கொண்டுவாங்க. பாப்போம்."

மறுநாள் கஸ்பார் ஒரு பெரிய தட்டோடு வந்தார்.

பேச்சி ஒன்றை எடுத்தாள்.

"இது என்ன?"

"ஹாங்காங் அன்னாசிப் பன்."

அவள் பிய்த்துப் பார்த்தாள்.

"அன்னாசி எங்க?"

"அன்னாசி கிடையாது. மேல்தோடு வெடிச்சு, பாக்க அன்னாசி மாதிரி இருக்கும். அதான் அந்தப் பேரு."

"பேரு இருக்கு, பழம் இல்லை."

"ஆமா."

"சில வீட்டுல அப்பா மாதிரி."

கஸ்பாருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடுத்ததை நீட்டினார்.

"இது ஜப்பான். உள்ளே இனிப்புப் பயறு. இது சுவீடன், ஏலக்காய் போட்டது. இது சிலோன், முதலை மாதிரி நீளமான பன், அங்க முதலைப் பணிஸ்ம்பாங்க."

"முதலையும் உள்ளே இல்லையா?"

"இல்லை, மாஸ்டர்."

"நல்லவேளை."

அவள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு தின்றாள். அவசரப்படாமல் தின்றாள். எல்லாம் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ருசியில ஒரு குறையும் இல்லை, அண்ணாச்சி. எனக்கே இந்தக் கை வராது."

"அப்ப ஏன் திங்க மாட்டேங்கா?"

பேச்சி கடையின் முன்பக்கத்தைக் காட்டினாள்.

"நாளையிலேருந்து அங்க நில்லுங்க."

"கவுன்டர்லயா?"

"ஆமா."

"ஆயிரம் பேர் போற கப்பலுக்கு ரொட்டி போட்டவன் நான்."

"தெரியும்."

"கவுன்டர்ல நின்னு நான் என்னத்தப் படிக்க?"

"வாறவங்ககிட்ட என்ன வேணும்னு கேளுங்க. அவங்க சொல்லுததைக் குடுங்க. வேற ஒண்ணும் பேசாதிய."

கஸ்பார் முகம் சுண்டிப்போனது. ஆனால் போகவில்லை. அவருக்கு வேறு போக்கிடமும் இல்லை.

முதல் நாள் ஒரு டீச்சர் வந்தார்.

"என்ன வேணும்?"

"தேங்காய் பன் ரெண்டு."

"தேங்காய் பன் எதுக்கு டீச்சர்? மெக்சிகோவுல சிப்பி மாதிரி வரி வரியாக் கோடு போட்டு ஒரு பன் உண்டு. நாளைக்கு வாங்க, நானே..."

உள்ளேயிருந்து ஒரு சத்தம். பேச்சி கட்டையால் தட்டில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அண்ணாச்சி."

கஸ்பார் தேங்காய் பன் இரண்டை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாம் நாள் துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர் ஒருவர் பன் பட்டர் ஜாம் கேட்டார். கஸ்பார் பட்டரோடு நிறுத்திக்கொண்டார். ஜாம் தடவினால் ரொட்டியின் வாசனை கெட்டுப்போகும் என்பது அவர் எண்ணம்.

மறுபடியும் தட்டு அதிர்ந்தது. ஜாம் தடவிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வந்து, "நேத்து சுட்ட பன் ஒண்ணு" என்றார். கஸ்பார் அன்றைக்குச் சுட்டதை, சூடு ஆறாததை, பெருந்தன்மையாகக் கட்டிக் கொடுத்தார்.

பெரியவர் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். முகத்தில் கோபம்.

"நேத்துள்ளது கேட்டேன்லா?"

"இது இன்னைக்குச் சுட்டதுய்யா. பஞ்சு மாதிரி இருக்கும்."

"பஞ்சு எனக்கு எதுக்கு? டீயில முக்கினா பாதி டம்ளருக்குள்ள போயிருது. நேத்துள்ளதுன்னா முறுக்கா நிக்கும்."

கஸ்பார் அந்தப் பன்னைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பழைய பன்னை ஆசையோடு தின்கிற ஆள் உலகத்தில் உண்டு என்று அவருக்குத் தெரியாது. நாற்பத்தோரு ஊரிலும் அப்படி ஆட்கள் இருந்திருப்பார்கள். இவர் அடுப்புப் பக்கம் நின்றார், அவர்கள் மேஜைப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்குத் தட்டு அதிரவில்லை. அவராகவே நேற்றுச் சுட்டதைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு வாரம் போனது. கஸ்பாருக்கு இப்போது கேட்க வந்தது. டீச்சருக்குக் கருகாத பன்தான் வேண்டும் என்று தெரிந்தது. சுமை தூக்குகிறவருக்கு ஜாம் இரண்டு மடங்கு வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் வந்த காரியம் அப்படியே கிடந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் உள்ளே போனார்.

"மாஸ்டர், எந்தப் பன்னுன்னு நீங்க இன்னும் சொல்லலியே."

"நீங்க இன்னும் கேக்கலியே."

"வந்த அன்னைக்கே கேட்டேனே!"

"என்கிட்ட கேட்டிய."

கஸ்பார் விழித்தார். வெளியே யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று கேட்டார்கள். கஸ்பார் குனிந்து ஒரு பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நனைந்த குடை ஒன்று வந்து நின்றது.

"என்ன வேணும்?" என்றார், நிமிராமலே.

பதில் இல்லை.

"என்ன வேணும்மா?"

நிமிர்ந்து பார்த்தார்.

பிளாவியா.

அவரை அங்கே அவள் எதிர்பார்க்கவில்லை. போய்விடலாமா என்று ஒரு கால் பின்னால் எடுத்து வைத்தாள். மழை விடவில்லை.

கஸ்பாருக்கு ஆயிரம் வார்த்தை தொண்டைக்கு வந்தது. பிரேசில், பெட்டி, பதினோராம் நாள் எல்லாம் வந்தது. இத்தனையையும் விழுங்கிவிட்டு மறுபடி கேட்டார்.

"உனக்கு என்ன வேணும், பிளாவியா?"

அவள் அவரையே பார்த்தாள். பின்னால் நின்ற ஆள் தொண்டையைக் கனைத்தான்.

"காரப் பன் ரெண்டு."

"காரமா?"

"எனக்கு இனிப்பு ஆகாதுப்பா. சின்னதுலேருந்தே."

"நான் பெட்டி பெட்டியா அனுப்பினேனே. நீ விரும்பித் தின்னதா அம்மா போன்ல சொல்லுவாளே."

"அம்மா சொல்லுவா. தின்னது எல்லாம் அம்மாதான். இனிப்புன்னா அவளுக்குத்தான் உசுரு."

கஸ்பாருக்குக் கண் நிறைந்துவிட்டது. மனைவிக்கு என்ன பிடிக்கும் என்பதும் அவருக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. காரப் பன் இரண்டை எடுத்துத் தாளில் வைத்து மடித்தார். நூல் சுற்ற வரவில்லை.

பிளாவியா நூலை வாங்கி அவளே கட்டிக்கொண்டாள். குடையைப் பாதி விரித்தாள். விரித்தவள் அப்படியே நின்றாள்.

"மத்தியானம் சாப்ட்டியளா, நீங்க?"