வல்லாரை தின்ற கரடி

மலையடிவாரத்தில் இருந்த ஒரு காட்டில், ஓடைக்கரை நெடுக வல்லாரைக் கீரை மண்டிக் கிடந்தது. அதைத் தின்றால் ஞாபகசக்தி வளரும் என்று அந்தக் காட்டில் எல்லா விலங்குகளும் நம்பின. ஆனால் கீரை கசக்கும் என்பதால் ஒன்றும் அதில் வாய் வைப்பதில்லை.

அதே காட்டில் ஒரு தாய்க் கரடி வாழ்ந்தது. அது தன் இரண்டு குட்டிகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டுதான் எங்கும் போகும். பாவம், அதற்கு மறதி அதிகம். எந்த மரத்தில் தேனடை பார்த்தோம், எந்தப் புற்றில் கறையான் நிறைய இருந்தது என்பதெல்லாம் மறுநாளே மறந்துபோகும். குட்டிகள் பசியில் சிணுங்க, கரடி மரம் மரமாக அலையும்.

அலைந்து அலுத்துப்போன கரடி, கசந்தாலும் பரவாயில்லை என்று வல்லாரையைத் தின்னத் தொடங்கியது. காலையில் ஒரு வாய் தின்றுவிட்டுக் கிளம்பும். இவ்வளவு கசப்பைத் தின்றது வீணாகிவிடக் கூடாதே என்று, வழியையும் மரங்களையும் உற்றுப் பார்த்துக்கொண்டே நடக்கும். கொஞ்ச காலத்தில் தேன் இருக்கும் மரங்களை அது தவறாமல் கண்டுபிடித்தது.

கரடிக்குப் பெருமை தாங்கவில்லை. எதிரே யார் வந்தாலும் நிறுத்தி, போன கோடையில் அவர்கள் எங்கே நின்றார்கள், என்ன தின்றார்கள் என்று சொல்லிக் காட்டியது.

அதைப் பார்த்து மயில் வல்லாரை தின்றது. முள்ளம்பன்றி தின்றது. குரங்கு முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றது. பிறகு காடே தலை நிமிர்ந்து நடந்தது. எங்கள் காட்டில் மறதி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று பக்கத்துக் காட்டுப் பறவைகளிடம் எல்லாம் சொல்லிக்கொண்டன. "மறந்துவிட்டேன்" என்று சொல்வது வெட்கக்கேடாகிவிட்டது. உண்மையாகவே மறந்தவர்களும் அதை வெளியில் சொல்லவில்லை.

இதை ஒரு நரி கவனித்தது.

ஒருநாள் அது கரடியிடம் வந்து பணிவாக நின்றது. "கரடியக்கா, ஓடை வளைவில் இருக்கும் நாவல் மரத்தை எனக்கு விட்டுத் தருவதாகப் போன கோடையில் சொன்னீர்களே. உங்கள் ஞாபகத்தைப் பற்றிக் காடே பேசுகிறது. உங்களுக்கா மறந்திருக்கும்?" என்றது.

கரடி யோசித்துப் பார்த்தது. அப்படிச் சொன்னதாக எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் மேலே கிளையில் குரங்கு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏன் மறக்கிறது? அன்று நீ அந்தப் பாறைமேல்தானே உட்கார்ந்திருந்தாய்?" என்றது கரடி.

"அதே பாறைதான்" என்று சொல்லிவிட்டு நரி நாவல் மரத்தடிக்குப் போனது.

அன்று மாலை குட்டிகள் நாவல் பழம் வேண்டும் என்று கேட்டன. கரடி வேறு வழியாக நடந்தது.

நரிக்குத் துணிச்சல் வந்துவிட்டது. முள்ளம்பன்றி முன்பே சம்மதித்திருந்ததாகச் சொல்லி அதன் வளையில் பாதியை வாங்கிக்கொண்டது. முள்ளம்பன்றியும் தனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்றுதான் சொன்னது.

மழைக்காலம் நெருங்கியது. அந்தக் காட்டில் ஒரு பெரிய குகை உண்டு. அடைமழை பிடித்துக்கொண்டால் விலங்குகள் எல்லாம் அதற்குள்தான் ஒதுங்கும். மேகம் திரண்டு வந்த ஒருநாள் எல்லோரும் குகை வாசலில் கூடியபோது, நரி முன்னால் வந்து நின்றது. போன மழைக்காலம் முடிந்ததும் இந்தக் குகையைத் தன் கூட்டத்துக்கே கொடுத்துவிடுவதாக எல்லோரும் ஒருமனதாகச் சொன்னதை அது நினைவூட்டியது.

மயில் குரங்கைப் பார்த்தது. குரங்கு முள்ளம்பன்றியைப் பார்த்தது. நினைவில்லை என்று முதலில் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. நினைவிருக்கிறது என்றது மயில். தனக்கும் நினைவிருக்கிறது என்றது குரங்கு. முள்ளம்பன்றியும் தலையாட்டியது.

கடைசியாகக் கரடியின் முறை வந்தது.

கரடிக்குப் போன மழைக்காலம் தெளிவாகவே நினைவிருந்தது. இந்தக் குகையில்தான் அது குட்டிகளை ஈன்றது. குட்டிகள்மேல் பட்டுவிடாமல் முள்ளம்பன்றி தன் முட்களை ஒடுக்கிக்கொண்டு படுத்திருந்தது. மயிலின் நனைந்த தோகை வாடைகூட இப்போதும் மூக்கில் வந்து நின்றது. ஆனால் குகையைக் கொடுத்ததாக எவ்வளவு தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. அதற்குள் முதல் தூறல் விழுந்தது. முதுகில் இருந்த குட்டிகள் அம்மாவின் ரோமத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டன.

"எனக்கு நினைவில்லை" என்றது கரடி.

கூட்டம் சிரித்தது. கரடியக்காவுக்கு ஞாபகம் தேய்ந்துவிட்டது, நாளை முதல் இன்னும் ஒரு வாய் கூடுதலாகத் தின்னட்டும் என்று நரி பரிதாபமாகச் சொன்னது. மற்ற எல்லோருக்கும் நினைவிருக்கும்போது ஒருவர் மறந்தால் என்ன என்றும் கேட்டது.

கரடிக்கு முகம் சுட்டது. ஆனாலும் அது நகரவில்லை.

"நாவல் மரத்தைப் பற்றியும் எனக்கு எதுவும் நினைவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு பொய் சொன்னேன்" என்றது. பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "உங்களுக்குத்தான் நினைவிருக்கிறதே. குகையைக் கொடுத்த அன்று மழை பெய்ததா, வெயில் அடித்ததா?" என்று கேட்டது.

"நல்ல மழை. நான்கூட ஆடினேனே" என்றது மயில்.

"மழையா? பாறை சுட்டது. என்னால் உட்காரவே முடியவில்லை" என்றது குரங்கு.

முள்ளம்பன்றி மயிலைப் பார்த்தது, குரங்கைப் பார்த்தது, பிறகு தரையைப் பார்த்தது. தனக்கும் எதுவும் நினைவில்லை என்று மெல்லச் சொன்னது. தான் பாதி வளையை விட்டுக்கொடுத்ததும் இப்படித்தான் என்றது.

அப்போது மயில் தோகையைத் தாழ்த்திக்கொண்டது. குரங்கு தலையைச் சொறிந்தது. எல்லோரும் நரியைத் தேடினார்கள். அது ஏற்கெனவே புதருக்குள் பாதி தூரம் போயிருந்தது. அதற்குப் பிறகு அது நாவல் மரத்தடிக்கும் வரவில்லை, முள்ளம்பன்றியின் வளைக்கும் வரவில்லை.

மழை வலுத்தது. விலங்குகள் ஒவ்வொன்றாகக் குகைக்குள் நுழைந்தன. கரடி குட்டிகளை உள்ளே இறக்கி விட்டுவிட்டு, வாசலை அடைத்தாற்போல் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தக் காட்டில் அத்தனை பேர் முன்னிலையில் "நினைவில்லை" என்று முதன்முதலில் சொன்னது தான்தான் என்று எண்ணியபோது, அதற்கு என்றும் இல்லாத பெருமையாக இருந்தது.

நீதி: தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுபவரை யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம்.