பிடியரிசிப் பை

பாஸ்டர் தவசிமுத்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இறங்கினார். எழுபது வயதில் ஒரு மனிதர் தன் குருவைத் தேடிப் போகிறார் என்றால், வீட்டில் யாரோ உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

உடைத்தது அவர் மனைவி ஞானசெல்வம். உடைத்த கையோடு ஒரு துணிப்பையையும் நீட்டி, "ஐயாவுக்குக் கொடுங்க, மறந்துராதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஐயா என்றால் வேதமாணிக்கம் ஐயா. தவசிமுத்து வாலிபனாக இருந்தபோது அவர் தலையில் கை வைத்து ஜெபித்து ஊழியத்துக்கு அனுப்பியவர். புளியடிவிளை சபையை வெகுகாலம் நடத்திவிட்டு, குரல் நன்றாக இருக்கும்போதே ஓர் இளைய பாஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு, மூப்பராக இறங்கிக்கொண்டார். ஒப்படைத்த அன்றைக்கே பாஸ்டர் வீட்டையும் காலி செய்தார். மனைவி முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது ஒரு விசுவாசியின் தோட்டத்து ஓரத்தில் ஓர் அறை. வாசலில் ஒரு முருங்கை.

சிவந்த தேரி மண் காலெல்லாம் அப்பியிருந்தது. தவசிமுத்து பையை முருங்கைக் கிளையில் மாட்டிவிட்டுக் கால் கழுவினார். மனசு முழுக்கக் கேள்வியாக இருந்ததால் பையை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனார்.

"ஸ்தோத்திரம் ஐயா."

"ஸ்தோத்திரம். வாரும் தவசி, இரியும்."

வேதமாணிக்கம் ஐயா தரையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். வந்தவர் முன்னாலும் ஒரு கொத்தைத் தள்ளினார். தவசிமுத்து அதைக் கையில் எடுத்தாரே தவிர, ஓர் இலையும் உருவவில்லை.

"சபையில என்னை இறங்கச் சொல்லுதாங்க ஐயா."

"யாரு?"

"எல்லாரும்தான். அறுப்பின் பண்டிகையோட ஒப்படைச்சிருங்க, மூப்பரா இருந்து எங்களுக்கு ஆலோசனை சொல்லுங்கன்னு மரியாதையாத்தான் சொல்லுதாங்க. எனக்குக் கீழ ஊழியம் பாக்குற அந்தப் பையனை வேற ஊர்லயும் கூப்பிடுதாங்களாம். இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் ஒரு முடிவு சொல்லலன்னா அவன் அங்க போயிருவான்."

"போனா?"

அவன் போனால் சபைக்கு அடுத்து ஆள் இல்லை. அது தவசிமுத்துக்கே தெரியும். முழங்கால் வலியில் இப்போதே அவர் பாதிப் பிரசங்கத்தை உட்கார்ந்துதான் செய்கிறார்.

"நான் மாட்டேன்னு சொல்லலையே ஐயா. கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். போன வாரம் ஆராதனை பூராவும் அவன்தான். பிரசங்கமும் அவன்தான். நான் முன் பெஞ்சுல கம்முன்னு உக்காந்திருந்தேன்."

"கம்முன்னு?"

"ம்."

"கடைசி வரைக்கும்?"

தவசிமுத்து கீரைக் கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செய்தி அவருக்கு முன்னால் பஸ் பிடித்து வந்துவிட்டது என்று புரிந்தது.

நடந்தது இதுதான். ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் இரண்டு கைகளையும் உயர்த்திச் சபைக்கு ஆசீர்வாதம் கூறவேண்டும். அதைக் கூறுகிறவர்தான் அந்தச் சபையின் பாஸ்டர். சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அன்றைக்குப் பிரசங்கம் செய்த இளைய பாஸ்டர் முதல்முறையாகக் கையை உயர்த்தினார். பாதி உயர்ந்தபோது முன் பெஞ்சிலிருந்து தவசிமுத்து எழுந்து, சபையைப் பார்த்துத் திரும்பி, தன் இரண்டு கைகளையும் விரித்து, கணீரென்று ஆசீர்வாதத்தைக் கூறி முடித்துவிட்டார். சபையும் பழக்க தோஷத்தில் ஆமென் என்றது. மேலே போன கையை என்ன செய்வதென்று தெரியாமல் இளைய பாஸ்டர் அதால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பீடத்தை விட்டு இறங்கினார்.

"கை தானா எழும்பிருச்சு ஐயா. சத்தியமா நான் நினைக்கல."

"வாயும் தானா திறந்துச்சோ?"

"ஆமா ஐயா."

"நல்ல வாய்" என்றார் வேதமாணிக்கம் ஐயா. கீரையை முறத்தில் சேர்த்து வைத்துவிட்டு எழுந்து, பானையில் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினார். "சாப்பிட்டுட்டுப் பேசுவோம்."

தவசிமுத்துக்கு நிம்மதியாக இருந்தது. சாப்பாடு என்று வந்துவிட்டால் திட்டு முடிந்தது என்று பொருள். உதவி செய்யலாம் என்று எழுந்து அரிசி டின்னைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. ஒரு மணி அரிசி கூட இல்லை. டின்னைச் சாய்த்துப் பார்த்தார். தட்டியும் பார்த்தார்.

"ஐயா, இதுல அரிசி இல்லையே."

"நேத்தே காலி."

"பிடியரிசி வரலையா?"

தென்பக்கத்து விசுவாச வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது சபைக்கு வரும். சபையிலிருந்து பாஸ்டர் வீட்டுக்குப் போகும். தவசிமுத்தும் ஞானசெல்வமும் இத்தனை காலமாக உண்டது அதைத்தான்.

"பிடியரிசி பாஸ்டருக்குல்லா? அவருக்குப் போவுது."

"உங்களுக்கு?"

"நான் பாஸ்டர் இல்லையே."

"அதுக்காக ஒரு பிடி கூடவா தரமாட்டாங்க! என்ன சபை இது? நீங்க கட்டின சபை!"

"ரெண்டு பேரு கொண்டு வந்தாங்க. பாஸ்டர் வீட்டுக்குக் கொண்டு போங்கன்னு நான்தான் அனுப்பி வச்சேன். ஒரே கலயத்துல ரெண்டு கை போட்டா சபைப் புள்ளைகளுக்கு யாரு பக்கம் நிக்கன்னு தெரியாமப் போயிரும்."

"அப்போ இன்னிக்கு மத்தியானம்?"

"தண்ணி வச்சிருக்கேன்ல."

தவசிமுத்துக்குக் கோபம் வந்துவிட்டது. குரு என்றும் பார்க்கவில்லை.

"தண்ணி வச்சா? தண்ணியைக் குடிச்சிட்டுப் படுக்கப் போறீங்களா? ஐயா, இதைத்தான் நான் கேக்க வந்தேன். பிரசங்கத்துல சொல்ல நல்லாத்தான் இருக்கும். நம்ம மாதிரி விசுவாச ஊழியக்காரனுக்குப் பென்ஷன் உண்டா? நிலம் உண்டா? நான் இறங்குன அன்னிக்குப் பாஸ்டர் வீடும் போயிரும், பிடியரிசியும் போயிரும். இந்த வயசுல ஞானசெல்வத்தைக் கூட்டிக்கிட்டு மருமகன் வாசல்ல போய் நிக்கவா?"

"அப்போ பீடம் பெரிசில்ல."

"என்னது?"

"பீடத்தை விட மனசில்லன்னுதான் ஊர்ல பேச்சு."

தவசிமுத்து உட்கார்ந்துவிட்டார். காலையில் ஞானசெல்வம் சொன்னதும் இதுதான். 'நீங்க பீடத்தைப் புடிச்சிக்கிட்டு நிக்கல, சோத்துப் பானையைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க' என்றாள். அவள் வாயால் கேட்டபோது வலித்தது. இப்போது அழுகை வந்தது.

"பயமா இருக்கு ஐயா" என்றார். "ஊரெல்லாம் போய்க் கர்த்தர் பார்த்துக்குவாருன்னு சொன்னவன் நான். எனக்குப் பயமா இருக்கு. வெக்கமாவும் இருக்கு."

வேதமாணிக்கம் ஐயா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். விறகை ஒரு தள்ளு தள்ளினார்.

"உம்ம காகப் பிரசங்கம் இன்னும் இருக்கா?"

தவசிமுத்துவின் காகப் பிரசங்கம் அந்தப் பக்கத்துக் கன்வென்ஷன் கூட்டங்களில் பேர்போனது. பஞ்ச காலத்தில் ஆற்றோரம் ஒளிந்திருந்த தீர்க்கதரிசிக்குக் காகங்கள் அப்பம் கொண்டுவந்த கதை. சொல்லும்போது இரண்டு கைகளையும் சிறகாக விரித்து மேடையில் ஒரு சுற்றுச் சுற்றுவார். பின்வரிசைத் தாய்மார் அழுதுவிடுவார்கள்.

"இருக்கு ஐயா. வைகாசியில கூடப் பண்ணேன்."

"நல்ல பிரசங்கம்."

தண்ணீர் சத்தம் போட ஆரம்பித்தது. தவசிமுத்து வாசலைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், மறுபடி வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

"ஐயா, நான் போய்க் கடையில ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்துருதேன்."

"இரியும் வே."

"கொதிச்சிருச்சு ஐயா."

"தெரியுது. எனக்கும் ஒரு சந்தேகம். காலையில வெள்ளைச் சட்டை போட்ட காகம் ஒண்ணு வந்துச்சு. கொண்டு வந்ததை முருங்கையில மாட்டுச்சு. உள்ள வந்து உக்காந்துக்கிட்டு, இன்னிக்குச் சோத்துக்கு என்ன செய்வீங்கன்னு என்கிட்டயே கேட்டுக்கிட்டு இருக்கு. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

தவசிமுத்து ஒரு கணம் விழித்தார். பிறகு, "ஐயையோ!" என்று தலையில் அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். முழங்கால் வலி அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

பையில் அரிசி இருந்தது. அவருடைய சபையின் பிடியரிசி. ஒரு வீட்டுச் சிவப்பரிசி, ஒரு வீட்டுப் பச்சரிசி, ஒரு வீட்டு ரேஷன் அரிசி, எல்லாம் கலந்து கிடந்தது. மேலே ஒரு பொட்டலம் கருவாடு. கருவாட்டை மட்டும் ஞானசெல்வம் தன் பங்குக்கு வைத்திருந்தாள்.

வேதமாணிக்கம் ஐயா அரிசியைக் களைந்து உலையில் போட்டார். தவசிமுத்து தன் பங்குக் கீரையை உருவினார். பிடியரிசிச் சோறு எப்போதும் போலத்தான் வெந்தது. ஒரு பருக்கை குழைந்தது, ஒரு பருக்கை விறைத்துக்கொண்டு நின்றது. இருவரும் அதையே வாழ்நாள் முழுக்கத் தின்றவர்கள். குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

கை கழுவிவிட்டு வந்ததும் ஐயா காலிப் பையை எடுத்தார். உருவாமல் ஒதுக்கி வைத்திருந்த முருங்கைக் கீரைக் கொத்துகளை அதற்குள் அடைத்தார்.

"அந்தப் பையனுக்குப் புள்ள பொறந்திருக்காமே?"

"ஆமா ஐயா, ஒரு மாசம் இருக்கும். பொம்பளப் புள்ள."

"எங்க குடியிருக்காங்க?"

"வாடகைக்கு ஒரு ரூம்ல. மழைக்கு ஒழுகுது." சொல்லிவிட்டு தவசிமுத்து நிறுத்தினார். தான் இருக்கும் பாஸ்டர் வீட்டில் மூன்று அறைகள் இருப்பது இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் இருந்தது.

"புள்ள பெத்தவளுக்கு முருங்கைக் கீரை நல்லது. போற வழியில கொடுத்திரும்."

"நானா?"

"வேற எந்தக் காகம் அந்தப் பக்கம் போவுது?"

தவசிமுத்து சிரித்துவிட்டார். பல நாளைக்குப் பிறகு சிரித்த சிரிப்பு. பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு, எப்போது வந்தாலும் போகும்போது செய்வதுபோல், ஐயாவின் முன்னால் முழங்கால் ஊன்றித் தலையைக் குனிந்தார்.

"ஜெபம் பண்ணி ஆசீர்வதிச்சு அனுப்புங்க ஐயா."

தலையில் கை விழவில்லை. தவசிமுத்து காத்திருந்தார். இன்னும் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தார். வேதமாணிக்கம் ஐயா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"உம்ம சபைக்குப் பாஸ்டர் யாரு?"

வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. அடுத்த பஸ் வர நேரமாகும். தவசிமுத்து எழுந்திருக்கவில்லை. இத்தனை நேரமும் 'அந்தப் பையன்', 'அவன்' என்று சொல்லி வந்த நாக்கு புரளாமல் நின்றது.

"பினேகாஸ்" என்றார் கடைசியில். பிறகு, "பாஸ்டர் பினேகாஸ்" என்றார்.

"அவர் கையைத் தலையில வாங்கிக்கிட்டு உக்காரும், ஞாயித்துக்கிழமை. சபை பார்க்க."

"ஐயா, அவருக்கு நான் ஞானஸ்நானம் கொடுத்தவன்."

"உமக்கு நான் கொடுத்தேன். இங்க என் தலையில கை வைக்கிற பாஸ்டருக்கும் நான்தான் கொடுத்தேன்."

ஒரு விஷயம் மட்டும் தவசிமுத்துக்கு இன்னும் தீரவில்லை. சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார்:

"அன்னிக்கு மாதிரிக் கை தானா எழும்பிருச்சுன்னா என்ன ஐயா செய்ய?"

வேதமாணிக்கம் ஐயா குனிந்து, தவசிமுத்துவின் தோளிலிருந்து நழுவிய பையை எடுத்து அவருடைய இரண்டு கைகளிலும் வைத்தார்.

"இதைப் புடிச்சிக்கிட்டுக் கையைத் தூக்கிப் பாரும்."